நல்ல வெல்லம்

6 செப்டம்பர் 1989

அச்சகத்தில் மீந்த தாளைத் தைத்துப் புது நோட்டு செய்துகொண்டேன். முதல் பக்கத்தில் யாருடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ நீலம் கசிந்திருக்கிறது. மங்கலமான தொடக்கம்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்தது. ஊர் முழுக்கக் கொழுக்கட்டை. உள்ளே இருந்த பூரணத்தில் எங்கள் சங்கத்து வெல்லம் மட்டும் இல்லை. ஹாஜா மொய்தீன் பாய் தன் மண்டியிலிருந்து மூட்டைகளை அப்படியே வண்டியேற்றித் திருப்பிவிட்டார்.

"பழுப்பா கீது நைனா. பொம்பளைங்க கையில எடுத்துப் பாக்கறாங்க, அழுக்குன்னு கீழ வெச்சிட்டு அடுத்த கடைக்குப் போறாங்க. நா இன்னா பண்ணட்டும், அவங்க கண்ண மாத்தட்டா?"

கண்ணை மாற்றுவது மண்டியின் வேலை இல்லைதான். அது என் வேலை என்று நான் நினைத்துக்கொண்டதுதான் தவறு. பூந்தமல்லிக்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் கரும்பு போட்டு, தாங்களே வெல்லம் காய்ச்சும் எட்டுக் குடும்பங்களின் சங்கத்துக்கு நான் செயலாளர். கரும்பு நட்டதில்லை. கொப்பரையைத் தொட்டதில்லை. பகலெல்லாம் ஆவடி அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். "மனு எழுத ஓர் ஆள் வேணும்" என்றார்கள். பெரிய பதவிகளும் இப்படித்தான் நிரம்புகின்றன என்று கேள்வி.

இந்த மூட்டைகளைக் காய்ச்சியவன் வேம்புலி. என் மனைவி நாகவல்லியின் தம்பி. மருந்து போடாமல் ஒரே ஒரு தடவை காய்ச்சிப் பார் மச்சான் என்று நான்தான் கேட்டேன். காய்ச்சினான். திரும்பி வந்தது.

மருந்து என்பது ஒரு வெளுப்புத் தூள். டப்பாவில் உள்ள பெயர் யார் வாயிலும் முழுதாக நுழையாததால் காய்ச்சும் கொட்டகையில் அதற்கு மருந்து என்று பெயர். கொதிக்கும் பாகில் ஒரு கை தூவினால் பழுப்பு போய் எலுமிச்சை நிறம் வரும். கூடவே ஒரு புகை வரும். அது முதலில் போய்ச் சேரும் இடம் கொப்பரை ஓரம் நிற்கிறவன் நெஞ்சு. வேம்புலி பையனாக இருந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறான். இப்போது ஒரு முழு வாக்கியத்தை இருமாமல் சொல்லி முடிக்க அவனால் ஆகவில்லை.

9 செப்டம்பர்

வேம்புலியை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"என்ன மருந்து எடுக்கறீங்க?"

"ஹைட்ரோஸ் சார்."

"யார் எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதல சார், மண்டியில வாங்கறது."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அது கொப்பரையில் தூவும் வெளுப்புத் தூள் என்று நான் விளக்கினேன். விளக்கி முடித்ததும் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பொங்கலுக்கும் அந்தப் புகையில நின்னா, அடுத்த பொங்கலுக்கு நிக்க மாட்டீங்க" என்றார். பிழை திருத்த இடமில்லாத வாக்கியம்.

வெளியே வந்து வேம்புலி கேட்டான்: "மருந்து போடலன்னா மண்டிக்காரன் வாங்க மாட்டான். போட்டா டாக்டரு உட மாட்டாரு. நா யாரு பேச்ச கேக்கறது மாமா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

10 செப்டம்பர்

டாக்டர் சொன்னதை நாகவல்லியிடம் சொன்னேன். என் சோற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

22 செப்டம்பர்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே ஓர் உணவு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் முழுப் பெயரை எழுதினால் இந்தப் பக்கம் தீர்ந்துவிடும். நிலையம் என்றே வைத்துக்கொள்கிறேன். உள்ளூர்த் தொழில்களோடு கூட்டாக ஆய்வு செய்யப் போகிறார்களாம், பேப்பரில் படித்தேன். மனு எழுதி எடுத்துப் போனேன்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஊறுகாய், அப்பளம், கடலை மிட்டாய், எல்லாவற்றின் மேலும் ஒரு சீட்டு. இவர்களும் ஒரு காலத்தில் என்னைப் போல் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்களாக இருக்க வேண்டும்.

கடைசியில் டாக்டர் அஷ்ரஃபுன்னிசா என்ற அம்மாள் கூப்பிட்டார். மனுவில் 'நலிவுற்ற' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எந்த ஊரு?"

"பூந்தமல்லி."

"நானும்தான். பெரிய மசூதித் தெரு. இந்த நலிவுற்ற கிலிவுற்ற எல்லாம் எங்க டைரக்டருக்கு வெச்சிக்குங்க. எனக்கு நேராச் சொல்லுங்க, இன்னா வேணும்?"

"தூள் போடாமல் மண்டியில் விற்கிற வெல்லம் வேண்டும். பொங்கலுக்கு முன்னால்."

"தூள் போடாமச் செய்ய நாங்க வழி சொல்லலாம். விக்கறதுக்கு நாங்க இன்னா சொல்றது?"

இதற்குப் பதிலைப் பாயிடம்தான் வாங்க வேண்டும்.

25 செப்டம்பர்

வாங்கினேன். "கவர்மெண்டு ஆராய்ச்சிக்காரங்க கையெழுத்துப் போட்டு, இது சுத்தம், இந்த நெறம்தான் அசல்னு ஒரு சர்ட்டிபிகேட்டு குடுத்தா, கடையில மாட்டி வெச்சி பழுப்பு வெல்லத்துக்கு ஒரு மூல தர்றேன். காயிதம் இல்லாம பேசாத நைனா" என்றார் பாய்.

ஆக, வேம்புலியின் மூச்சு இப்போது ஒரு சட்டத்துக்குள் மாட்டும் காகிதத்தில் இருக்கிறது. அரசாங்கத்தில் பலருடைய மூச்சு அப்படித்தான் இருக்கிறது. அதனால் நம்பிக்கையாக இருக்கிறேன்.

6 அக்டோபர்

நிலையத்துக் குழு கொட்டகையைப் பார்க்க வந்தது. ஜீப்பில் ஐந்து பேர். வேம்புலி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கொப்பரை ஓரம் நின்றான். அந்தச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போகலாம், பாகு காய்ச்ச முடியாது. எனவே இன்று காய்ச்சவில்லை. குழு, காய்ச்சாத கொப்பரையை ஆய்வு செய்தது.

வேம்புலி மனைவி குப்பம்மா கடைக்கு ஆள் அனுப்பி அஸ்கா வாங்கிவரச் சொன்னாள். வெள்ளைச் சர்க்கரைக்கு இந்தப் பக்கம் அஸ்கா என்று பெயர். "ஊட்டுல இவ்ளோ வெல்லத்த வெச்சிக்கினு எதுக்கும்மா அஸ்கா?" என்றேன்.

"ஜீப்புல வந்துகீறாங்க, வெல்ல டீயா குடுப்பாங்க? இன்னா பேசறண்ணா நீ."

வெல்லத்தைக் காப்பாற்ற வந்த குழு, வெல்லக் கொட்டகையில் உட்கார்ந்து, அஸ்கா டீ குடித்தபடி, வெல்லத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. அஷ்ரஃபுன்னிசா அம்மாள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

31 அக்டோபர்

மழை. தீபாவளி ஈரத்திலேயே போயிற்று. நிலையத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாலை, போட்டோ, மிக்சர். ஒப்பந்தத்தின் தமிழ்ப் படியில் எங்களைப் 'பயனாளிகள்' என்று போட்டிருந்தார்கள். கூட்டு ஆய்வு என்றால் 'பங்காளிகள்' அல்லவா என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தேன். பங்காளி என்றால் சண்டைக்காரன் என்று பொருள்படும் என்று இயக்குநர் சொன்னார். பயனாளிகளாகவே கையெழுத்துப் போட்டோம்.

எட்டுக் கொட்டகைக்காரர்களும் இனி தூள் போடுவதில்லை என்று என் கையில் அடித்துச் சொன்னார்கள். பொங்கல் வரைக்கும். என்னை நம்பி.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா சற்று நின்றது. மை பிரச்சினை.

24 நவம்பர்

மழை விட்டு, அடுப்பெரிக்கும் கரும்புச் சக்கை காய்ந்து, இன்றுதான் அடுப்பு பிடித்தது. அம்மாள் சொன்ன முறை: கரும்புச் சாற்றைத் தொட்டியில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, கொதிக்கும்போது வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். கொழகொழப்பில் சிக்கி அழுக்கெல்லாம் நுரையாக மேலே வந்தது. வேம்புலி வழித்து வழித்துக் கொட்டினான். புகை இல்லை. இன்றைக்குக் கொப்பரை ஓரத்தில் நான்கூட நின்றேன்.

ஆறிய வெல்லத்தை உடைத்து அம்மாள் வெயிலில் பிடித்தார். "தேன் நிறம்" என்றார்.

வேம்புலி எட்டிப் பார்த்தான். "டீ நெறம்" என்றான்.

வாயில் போட்டால் கரும்பு தெரிகிறது. ஆனால் வாயால் யார் வாங்குகிறார்கள். கண்ணால்தானே.

4 டிசம்பர்

நிலையத்திலிருந்து ஆள் வந்தான். சான்று கொடுக்க மாதிரி வெல்லம் வேண்டுமாம், நாளைக்கே. எனக்கு அச்சகத்தில் முகூர்த்த நாள் வேலை, தலை நிமிர நேரமில்லை. வேம்புலிக்குச் சொல்லியனுப்பினேன்: "நல்லதா பாத்துக் குடுத்தனுப்பு மச்சான், பெரிய எடத்துக்குப் போவுது."

5 டிசம்பர்

மாதிரி போய்ச் சேர்ந்தது. கவலை இல்லாமல் தூங்கலாம்.

15 டிசம்பர்

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். எதிரில் நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. முடிவை வாய்விட்டுப் படித்தார். எங்கள் மாதிரியில் தூள் இருக்கிறது. இருப்பது மட்டுமில்லை, சென்னையில் அவர்கள் இதுவரை வாங்கிச் சோதித்த எந்த வெல்லத்திலும் இவ்வளவு இல்லையாம்.

"தூள் போடாமல் வெல்லம் செய்வதற்கான ஒப்பந்தம் இது. முதல் மாதிரியிலேயே சாதனை செய்துவிட்டீர்கள்" என்றார். இப்படிப் பேச வேண்டியவன் நான். என் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. சான்று இல்லை.

எப்படி? எட்டுப் பேரும் கையடித்தார்களே. யார் போட்டது? மழையில் மூட்டை மாறிவிட்டதா? நிலையத்தில் கலந்துவிட்டார்களா? பஸ்ஸில் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். குமணன்சாவடி வருவதற்குள் சந்தேகப்பட ஆளே மிச்சமில்லை, ஒருவனைத் தவிர.

16 டிசம்பர்

வேம்புலி மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"ஆமா, போட்டேன். நீதான மாமா சொன்ன, நல்லதா குடுன்னு?"

"நல்லதுன்னா... மருந்து போடாததுடா!"

"அது ஊட்டுக்கு நல்லது மாமா. வெளிய குடுக்கறதுன்னா பாக்க நல்லா இருக்க வேணாமா? பெரிய எடம்னு சொன்ன. அவங்க மூஞ்சிக்கு நேரா டீ நெறத்துல ஒன்னத்த நீட்னா நம்மள இன்னான்னு நெனைப்பாங்க? பரண் மேல பழைய டப்பா கெடந்திச்சி. வழக்கமா ஒரு கை போடுவேன். அன்னிக்கு ரெண்டு கை போட்டேன். தங்கமா வந்திச்சி. நீ பாக்கலியே."

சொல்லும்போதே இருமினான். அந்த இரண்டு கைத் தூளின் புகை முழுக்க அவனுக்குள்தான் போயிருக்கிறது. மரியாதைக்காக.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காசு வாங்கிக்கொண்டு பிழை திருத்துகிறவன் நான். என் வாக்கியத்தில் 'நல்ல' என்ற ஒரே ஒரு சொல். அதற்கு எங்கள் ஊரில் இரண்டு அர்த்தம்: தின்ன நல்லது, கொடுக்க நல்லது. இரண்டும் ஒரே பொருளாக இருந்ததே இல்லை என்று இத்தனை வயதில் தெரிகிறது.

17 டிசம்பர்

நாகவல்லி: "ஒங்க பேச்ச கேட்டுத்தான் மருந்த நிறுத்துனான். ஒங்க பேச்ச கேட்டுத்தான் போட்டான்." வேறு ஒன்றும் இல்லையே சொல்வதற்கு.

20 டிசம்பர்

மறுபடி அம்பத்தூர். நடந்ததை நடந்தபடி இயக்குநரிடம் சொன்னேன். ஒரு கணம் சிரிப்பார் போலிருந்தது.

"மாதிரி என்றால் மாதிரி. அனுப்பியவருடைய மனநிலையை ஆய்வுக்கூடத்தில் அளக்கக் கருவி இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள்."

"அடுத்த ஆண்டுக்கு அவன் இருக்க வேண்டுமே சார்."

"யார்?"

விண்ணப்பத்தில் வேம்புலி பெயர் இல்லை. சங்கத்தின் பெயர்தான் இருந்தது. சங்கங்களுக்கு நுரையீரல் கிடையாது.

தாழ்வாரத்தில் அஷ்ரஃபுன்னிசா அம்மாள் பின்னாலேயே வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"அன்னிக்கு எங்களுக்குப் போட்டீங்களே டீ. அதுக்கு அஸ்கா யாரு வாங்கச் சொன்னது?"

"வேம்புலி மனைவி."

"எங்க அம்மாவும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் வெல்ல டீ. சம்பந்தி வீட்லேருந்து ஆள் வந்தா அஸ்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் மூச்சுக்குக் கெடு வைத்திருக்கிறது, இந்த அம்மாவுக்கு டீ நினைவு. படித்தவர்களுக்குத் துக்கத்தில்கூட வேறு விஷயம் தோன்றுகிறது. (நானும் ஓரளவு படித்தவன் என்பதால் இது தெரியும்.)

24 டிசம்பர்

கொட்டகைகளில் மறுபடி தூள். முதலில் ஆரம்பித்தது உத்தமன், வேம்புலியின் பக்கத்துக் கொட்டகைக்காரன். என்னைக் கண்டதும் ஒளிந்துகொள்ளவில்லை, அதுவே பெரிய மரியாதை.

"இன்னா செக்ரெட்ரி, ஒன் காயிதம் எப்போ வருது? வெண்டக்காத் தண்ணிய ஊத்திக்கினு குந்திகினு இருந்தா எம்பொண்ணு கல்யாணத்துக்கு மாப்ளைக்கு வெண்டக்கா பொரியல்தான் போடணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வரிதான்.

வேம்புலியும் போடுகிறானா என்று கேட்கப் பயந்து கேட்காமல் வந்துவிட்டேன். அவன் சட்டையில் அந்தப் புகை நாற்றம் வந்தது. கேட்க வேண்டியிருக்கவில்லை.

29 டிசம்பர்

மத்தியானம் அச்சகத்துக்கு ஆள் ஓடி வந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது வேம்புலியைக் கொட்டகைக்கு வெளியே சக்கை மேல கெடத்தி வெச்சிருந்தாங்க. உதடு நீலம். மூச்சு இழுக்கறான், உள்ள போவல. குப்பம்மா முதுக தேச்சிக்கினே இருக்கா, நா அவன் கைய புடிச்சிக்கினு — இன்னா சொல்றது, ஒன்னும் தோணல. இத்தனை படிச்சேன், ஒரு வார்த்தை வரல.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி. கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு நிறம் வந்தது. கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது: "பாகு கருகிடுச்சா மாமா?"

"உத்தமன் எறக்கிட்டான்."

"பொங்கலு முடியட்டும். அப்பறம் உட்டுர்றேன்."

பொங்கல் முடியட்டும். டாக்டர் சொன்ன கெடுவும் பொங்கல்தான். இவனும் பொங்கல் என்கிறான். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் ஒரே சொல்லை இரண்டு பேர் சொன்னால் பயமாக இருக்கிறது.

வெறுமனே இருந்திருக்கலாம். ஒரு மனு குறைந்தால் அரசாங்கம் கவிழ்ந்துவிடாது. எதுக்குப் போய் எழுதினேன்? எனக்கு யார் சொன்னது?

1 ஜனவரி 1990

அச்சகத்தில் எல்லோருக்கும் நாட்காட்டி கொடுத்தார்கள். பொங்கல் தாளைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பில் அடித்திருக்கிறது.

4 ஜனவரி

வேம்புலி வீட்டில் படுத்திருக்கிறான். பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அஷ்ரஃபுன்னிசா அம்மாள். ஜீப் இல்லை, கூட ஆளும் இல்லை. பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறார். தோளில் ஒரு துணிப்பை.

குப்பம்மா பதறிப்போய், பையனைக் கூப்பிட்டு, "ஓடு, நாடார் கடையில கொஞ்சம் அஸ்கா..." என்றாள்.

"வேணாம்" என்றார் அம்மாள். "நீ இன்னிக்குக் காலையில குடிச்ச டீ இருக்கில்ல, அதையே குடு."

"அய்யோ, அது வெல்ல டீம்மா."

"அதான் கேட்டேன்."

குப்பம்மா என்னைப் பார்த்தாள். நான் வேம்புலியைப் பார்த்தேன். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான், மானம் போகும் நேரத்தில் ஆண்பிள்ளை செய்வது அதுதான். டீ வந்தது. அம்மாள் முழுக்கக் குடித்தார்.

"வெல்லம் எங்க வெச்சிருக்கற? காட்டு."

அடுக்குப் பானையில் மேலிருந்து மூன்றாவது. குப்பம்மா எடுத்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டே நின்றாள், பானையின் வாயை. "இது வெளிய குடுக்கற மாதிரி இல்லம்மா. நீங்க வர்றீங்கன்னு சொல்லியிருந்தா நல்லதா..."

"தெரியும். அதனாலதான் சொல்லாம வந்தேன். இது என்னிக்குக் காய்ச்சினது?"

"மழ உட்டதும் நீங்க வந்து வெண்டத் தண்டு ஊத்தச் சொன்னீங்களே, அன்னிக்கு. தின்னா நல்லா இருந்திச்சி. அதான் ஊட்டுக்குன்னு எடுத்து வெச்சிக்கினோம். புள்ளைங்க துன்ற பொருளாச்சே, அதுல போய் மருந்து போடுவாங்களா?"

வேம்புலி சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "எல்லாருமே அப்டித்தாம்மா. உத்தமன் ஊட்டுலயும் தனிப் பான கீது."

அம்மாள் பையிலிருந்து மூடி போட்ட கண்ணாடி ஜாடியை எடுத்தார். வெல்லத்தைத் தன் கையாலேயே எடுத்து நிரப்பி, மூடி, மேலே சீட்டு ஒட்டி, நாள் எழுதினார். குப்பம்மா கெஞ்சினாள், கொஞ்சமாவது உடைத்து உருண்டை பிடித்துத் தருகிறேன், இப்படிச் சிதறலாகவா கொண்டுபோவது என்று.

இத்தனை நாளும் வீட்டில் இருந்திருக்கிறது. அடுக்குப் பானையில். நான் எத்தனையோ தடவை அந்த வெல்ல டீயைக் குடித்திருக்கிறேன். நான் விருந்தாளி இல்லை என்பதால்.

8 ஜனவரி

செய்தி இல்லை.

11 ஜனவரி

தூள் இல்லை. துளிகூட. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். முந்தைய மாதிரி கெட்டதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்ததாம். அம்மாள் அதில் 'விருந்தோம்பல்' என்று எழுதியிருக்கிறார். இயக்குநர் அதை அடித்துவிட்டு 'பிற காரணங்கள்' என்று போட்டாராம். சரியான திருத்தம். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

13 ஜனவரி

பாய் சொன்ன சொல் மாறவில்லை. சான்றுக்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினார். ஓரத்தில் ஒரு மூலை கொடுத்தார். வேம்புலி வீட்டில் இருந்ததும், மற்ற வீடுகளின் பானைகளில் இருந்து கெஞ்சி வாங்கியதும் சேர்ந்து இரண்டு கூடை. ஜனம் மஞ்சள் வெல்லத்தை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போகிறது. எங்கள் கூடையை ஈகூட விசாரிக்கவில்லை. ஈக்கள் மஞ்சளை விசாரித்தனவா என்று பார்த்தேன். இல்லை. அதைச் சொல்லி விற்கலாமா என்றேன். கடையில் ஈ என்ற பேச்சை எடுக்காதே என்றார் பாய்.

சிலேட்டில் 'தூய வெல்லம்' என்று எழுதி வைத்தேன். யாரும் படிக்கவில்லை. அழித்துவிட்டு 'மருந்து போடாத வெல்லம்' என்று எழுதினேன். ஓர் அம்மாள் நின்று படித்தார். "மருந்து போட்டதே குடுங்க பாய், ஒடம்புக்கு நல்லதாமே" என்று மஞ்சளை வாங்கிப் போனார். தமிழுக்காக நான் உழைத்தது போதும் என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

பாய் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்தார். லுங்கி முனையால் துடைத்தார். "அந்தக் குப்பம்மா பொண்ணு இன்னா சொல்லிச்சின்னு சொன்ன? டாக்டரம்மாகிட்ட?" என்று கேட்டு, கோணல் கோணலாக எழுதினார்: காச்றவங்க ஊட்டுக்கு எடுத்து வெச்ச வெல்லம்.

பிழைகளை எண்ணினேன். திருத்தவில்லை.

முதலில் ஒரு கிழவர் நின்றார். "யாரு ஊட்டுக்கு?"

"அதுலயே கீதே. காய்ச்சறவன் ஊட்டுக்கு. அவன் இத்தத் தின்னுட்டு அத்த நமக்குக் குடுக்கறான்."

கிழவர் மஞ்சளை ஒரு தடவை பார்த்தார், பழுப்பை ஒரு தடவை பார்த்தார். "அடப்பாவிங்களா" என்றார். பழுப்பில் அரை வீசை கட்டச் சொன்னார்.

15 ஜனவரி

இரண்டு கூடையும் தீரவில்லை. அடியில் கொஞ்சம் நின்றுவிட்டது. வேம்புலி படுக்கையில் இருந்தபடியே பொங்கலைக் கழித்தான். உத்தமன் இன்னும் தூள்தான் போடுகிறான். ஆனால் நேற்று என்னிடம், வெண்டை விதை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தான். பொரியலுக்குத்தானே என்றேன்.

16 டிசம்பர் 1990

நோட்டு தீரப் போகிறது. இடையில் மாதக்கணக்கில் எழுதவே இல்லை. மனுக்களும் எழுதவில்லை.

அஷ்ரஃபுன்னிசா அம்மாளும் நானும் கொட்டகைக்குப் போனோம். இப்போது அவர் வருவதற்கு யாரும் சலவைச் சட்டை போடுவதில்லை. குப்பம்மா டீ கொண்டு வந்தாள். அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்தார். எனக்கும் நாக்கில் தெரிந்தது. அஸ்கா.

"இன்னா குப்பம்மா, மறுபடி என்னை விருந்தாளி ஆக்கிட்டியா?"

"அய்யோ இல்லம்மா" என்றாள் குப்பம்மா. "ஊட்டு வெல்லம், ஊட்டு வெல்லம்னு பாய் ஆள் மேல ஆள் அனுப்பறாரு. போன மாசமே அடுக்குப் பானையையும் வழிச்சிக் குடுத்துட்டேன். ஊட்டுல ஒரு துண்டு வெல்லம் இல்ல. நாங்களே ஒரு மாசமா ரேஷன் அஸ்காதான் போட்டுக் குடிச்சிக்கினு கீறோம்."

அம்மாள் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து வேம்புலியின் குரல் வந்தது. உத்தமனைத் திட்டிக்கொண்டிருந்தான். வெண்டைத் தண்ணீரைக் கொதி வருவதற்கு முன்னால் ஊற்றிவிட்டானாம். உத்தமனின் கண்ணில் ஆரம்பித்து, அவன் கை, அவன் மாமனார், அவருடைய மாடு என்று திட்டு போய்க்கொண்டே இருந்தது. எங்கும் நிற்கவில்லை. நடுவில் ஓர் இருமல் இல்லை.

குப்பம்மா காலித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகாமல், திட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்று கேட்டாள்.